எனக்கு நானே போட்ட ரெண்டு மார்க்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவள் நான். நீங்கள் மனிதவளத்துக்கென்று தனிப் படிப்பே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று போன மாதம் கம்பெனியில் இருந்து ஆள் அனுப்பினார்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட போட்டோ எடுக்கும் பக்கம் போகாமல் வந்துவிடுகிறவள். வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். “அப்படியானால் எழுதியாவது கொடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும்” என்றார்கள். மறுக்க முடியவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுத்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எச்.ஆர். என்ற பேச்சே எங்கள் பக்கம் கிடையாது. டைம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் பேக்டரி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, சுருட்டி, பாக்கெட் போட்டு அனுப்புவோம். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் நான். உள்ளே வருகிறவர்கள் ஜன்னலில் கார்டைக் கொடுக்க வேண்டும். நான் நேரம் எழுதி அடுக்கில் சொருக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜன்னலில் கார்டு மட்டும் வராது. “யக்கா, பிள்ளைக்கு அம்மை வாத்திருக்கு, மூணு நாளைக்கு வர ஏலாது.” “யக்கா, எம் மாமியா வந்து கேட்டா நான் ஓவர்டைம்ல இருக்கேன்னு சொல்லுங்க, சினிமாவுக்குப் போறேன்.” எல்லாம் அந்த ஜன்னலில்தான். எனக்குப் பேசத் தெரியாது. பேசத் தெரியாதவளிடம் ஆட்கள் நிறையப் பேசுவார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். உங்களில் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், இந்த வேலைக்கு நாம் லாயக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்த வரியை எழுதினேன்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது எங்கள் முதலாளியும் ஹாலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தார். பழைய ஷெட்டுக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பியது. ஏசி, இரட்டைக் கதவு, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை என்று எல்லாம் புதுசு. ஆட்களைப் பார்க்கும் பொறுப்புக்கு அங்கிருந்து ஒரு அம்மா வந்தார். ஆறடி உயரம், நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் அன்னெக்க. வந்த அன்றைக்கே, “என்னை மேடம் என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அத்தனை பெரிய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் பெண்களுக்கு வாய் வருமா? இரண்டு நாள் திண்டாடினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பேக்டரி முழுக்க ‘அன்னக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு அது தன் பெயர்; எங்களுக்கு அக்கா முறை. இரண்டு பேருக்கும் குறை இல்லை.

நான் மட்டும் மேடம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்னக்கா நல்லவர். ஆனால் பேச்சு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்பார். நாம் சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். ‘பரவாயில்லை’ என்று சொன்னால் உண்மையிலேயே பரவாயில்லை என்று நினைத்துப் போய்விடுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய ஷெட்டில் துணி சோதிப்பதற்கும் சுருட்டுவதற்கும் பாக்கெட் போடுவதற்கும் எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள். புது யூனிட்டுக்கு நாற்பது பேர் போதும். பழைய ஷெட்டை ஆறு மாதத்தில் மூடிவிடுவார்கள். நாற்பதில் இடம் கிடைக்காதவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். யார் அந்த நாற்பது, எப்படி எடுப்பார்கள் என்பதுதான் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஹாலந்தில் இருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றித் தானே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் பதினைந்து கேள்விகள். ஒன்று என்றால் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று என்றால் யார் உதவியும் இல்லாமல் செய்வேன். ஐந்து என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பேன். இங்கிலீஷில் இருந்ததை நான்தான் தமிழில் எழுதி டைப் அடித்தேன். ஆபீஸ் ஆட்களுக்கும் அதே மாதிரி ஒன்று. எதற்காக இது என்று மேனேஜரிடம் கேட்டேன். மேனேஜர் மதுரைக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். “டிரெயினிங்குக்குத்தாம்மா, படிச்சுக் காட்டி வாங்கிருங்க” என்றார்.

முதல் ஷிப்டுக்கு நான் படித்துக்காட்ட வேண்டும், இரண்டாம் ஷிப்டுக்கு மேனேஜர். அந்த வாரம் முதல் ஷிப்டில் முப்பத்தாறு பேர். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் உட்கார வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் ஒரே சத்தம்.

“நமக்கு நாமளே மார்க்கா? இது என்ன கூத்து?”

“ஏட்டி, இதாவது வாய்ச்சுதே. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்டு என்னைக்கு நாம பாஸானோம்?”

ராஜாமணி என்று ஒருவன். ராஜபாளையம் டவுன்காரன், சுருட்டும் மிஷினில் வேலை. வாய் நிறையப் பேசுவான், வேலையும் சுத்தமாகப் பார்ப்பான். அவன் பேனாவை வாங்கிப் பதினைந்துக்கும் மடமடவென்று ஐந்து போட்டுவிட்டு எழுந்தான். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“ஏலே, கொஞ்சமாச்சும் கூச்சம் வேண்டாமா?”

“எதுக்குக் கூச்சம்? அஞ்சுக்கு மேல இருந்தாலும் போட்டிருப்பேன்” என்றான்.

சேத்தூரில் இருந்து வரும் வேலம்மாள் பேனாவைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி சோதிக்கும் மேஜையில் பத்து வருடமாக நிற்கிறவள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை அது. அதன் மேல் துணி ஓடும். நூல் விட்ட இடம், கறை, முடிச்சு எது இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். அந்த மேஜையில் நிற்கிற மற்றவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் வேலை சொல்லிக்கொடுத்தவள்.

“யக்கா, எம்புட்டு போடணும்?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, “கேள்வியைப் படிச்சு நீயே போடு” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் வளர்ந்த வீடு அப்படி. எங்கள் சபையில் ஜெபம் பண்ணும்போதுகூட ‘ஒன்றுக்கும் உதவாத அடியேன்’ என்றுதான் ஆரம்பிப்போம். பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமி ஆண்டாள் சன்னதிக்குப் போய் நின்றாலும் அதே ‘அடியேன்’தான். எங்கள் ஊரில் தன்னைப் பற்றித் தானே உயர்த்திச் சொல்வதைக் காட்டிலும் வெட்கக்கேடு கிடையாது. அதனால் எழுந்து நின்று, முப்பத்தாறு பேருக்கும் கேட்கும்படி, வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன்:

“பெருமை அடிக்காம, மனசாட்சிக்குப் பயந்து, அடக்கமாப் போடுங்க.”

படிவத்தில் இல்லாத ஆறு வார்த்தைகள்.

“நீங்க எம்புட்டு போட்டீங்க?” என்று கேட்டாள் வேலம்மாள்.

“எல்லாத்துக்கும் ரெண்டு.”

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கேண்டீனில் சத்தம் அடங்கிவிட்டது. ஒவ்வொருவராக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த அக்காவே இரண்டு போட்டிருக்கும்போது அதற்கு மேல் யார் போடுவார்கள்? இரண்டும் ஒன்றுமாகவே இருந்தன. வேலம்மாள் பதினைந்துக்கும் ஒன்று போட்டிருந்தாள். நான் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மேனேஜரிடம் கொடுத்தேன். எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான்கு வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்தரைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். “ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ரெண்டு ஷிப்டும் கேட்டுல இருக்கும். அப்போ நோட்டீஸ் போர்டுல ஒட்டிருங்க.”

புது யூனிட்டுக்கு எடுத்தவர்களின் பட்டியல். மொத்தம் பத்தொன்பது பெயர். மீதி இருபத்தொரு பேரை வெளியூரில் இருந்து எடுக்கப்போகிறார்கள்.

வேலம்மாள் பெயர் இல்லை. கீழே ஆபீஸ் ஆட்களுக்கு என்று இரண்டு வரி இருந்தது. அதில் என் பெயரும் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அந்தப் பத்தொன்பது பெயரையும் திரும்பத் திரும்பப் படித்தேன். யாருடைய கார்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நான்காவது தடவை படிக்கும்போதுதான் பொறி தட்டியது. பதினெட்டுப் பேர் அந்த வாரம் இரண்டாம் ஷிப்டில் இருந்தவர்கள். மேனேஜர் அவர்களுக்குப் படிவத்தைப் படித்தார், வாங்கினார், போய்விட்டார். வேறு ஒரு வார்த்தை பேச அவருக்கு நேரம் இல்லை. அவர்கள் தயங்கித் தயங்கி மூன்றாவது போட்டிருப்பார்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் ஆள் எடுத்திருக்கிறார்கள். முதல் ஷிப்டில் இருந்து ஒரே ஒரு பெயர்தான். என் பேச்சைக் கேட்காத ராஜாமணி.

மேனேஜரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“சூப்பர்வைசர் தனியாப் போட்ட மார்க்கும் இருக்கே சார், வேலம்மாளுக்கு நல்ல மார்க்தானே போட்டிருப்பாங்க?”

“போட்டிருக்காங்கம்மா. ஆனா ஹாலந்துக்காரங்க ரூல் வேற. சூப்பர்வைசருக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க இருப்பாங்களாம். அதனால ஒரு ஆள் தன்னைப் பத்தித் தானே சொல்றதுதான் பெரிசாம். ‘எனக்கு இந்த வேலை சரியா வராது’ன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொறவு, காயத்துல வைக்கிற துணி செய்யிற எடத்துல எப்படி நிறுத்துறதுன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்ல? பேசாம ஒட்டிருங்க. இப்போ போய்ச் சொன்னா உங்க தலையோட என் தலையும் உருளும்.”

யோசித்துப் பார்த்தால் அவர்கள் ரூலில் தப்பு இல்லை. ஒரு தொழிலாளியின் சொல்லுக்கு அத்தனை மதிப்பு எங்கள் பக்கத்தில் யாரும் கொடுத்தது கிடையாது. அந்த மதிப்பை வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியவில்லை. தெரிய விடாமல் செய்தவள் நான்.

கையில் பட்டியலும் ஒரு டப்பா குண்டூசியும் இருந்தன. மணி பதினொன்றே கால். ஒரு பெயர்ப் பட்டியல் போர்டில் ஏறிவிட்டால் அப்புறம் இறக்க முடியாது. இரண்டு மணிக்கு ஒட்டினால் மூன்றரைக்குள் பஸ் ஏறிச் சேத்தூருக்கும் தேவதானத்துக்கும் செய்தி போய்விடும். ‘வேலம்மாளைக் கழிச்சுட்டாங்க’ என்று தெரு பேசும். அதற்குப் பிறகு திருத்தினாலும் அந்தச் சொல் நின்றுவிடும். அதனால் எதைச் செய்வதாக இருந்தாலும் இரண்டு மணிக்கு முன்னால் செய்ய வேண்டும். அவ்வளவு தூரம் எனக்கு விளங்கியது. ஆனால் என் பெயரும் பட்டியலில் இல்லையே. போய்ப் பேசினால் சொந்த வேலைக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? இதை நினைத்துக் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். இந்த வேலையில் நீங்களும் ஒரு நாள் அப்படி உட்காருவீர்கள்.

முதலாளி அறையில் அவரும் அன்னக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டினேன். பதினான்கு வருடத்தில் கூப்பிடாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. பேசுவதற்கு மனதுக்குள் கட்டி வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியமெல்லாம் வாசலிலேயே மறந்துவிட்டது.

“மேடம், மிஸ்டேக். மை மிஸ்டேக்” என்றேன்.

முதலாளி, “தமிழ்ல சொல்லும்மா, நான் சொல்றேன்” என்றார். கேண்டீனில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஷிப்ட் வாரியாகப் பெயர்களைக் காட்டினேன். முதலாளி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அன்னக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“உன் பெயரும் இதில் இல்லை. உன் வேலைக்காக வந்தாயா?”

“என் பேரை விட்டுருங்க. மத்த முப்பத்தஞ்சு பேருக்காக வந்தேன்” என்றேன். முழு உண்மை இல்லை. என் பயமும் அதில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்த பதில் அதுதான்.

“அப்படியானால் அவர்கள் எழுதிக் கொடுத்தது பொய்யா?”

“பொய் இல்ல மேடம். மரியாதை.”

 அடுத்து அன்னக்கா கேட்ட கேள்வியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். “நாளைக்கு ஒரு துணியில் அழுக்கு இருக்கிறதா என்று நான் கேட்டால், அதற்கும் மரியாதைக்காகப் பொய் சொல்வார்களா?”

முதலாளிக்கே முகம் மாறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் கோபம் வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரியும்.

“துணியைப் பத்திக் கேட்டா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. முதலாளி கொண்டுவந்த துணியா இருந்தாலும் வேலம்மா கழிச்சுத் தூரப் போட்டுருவா. தன்னைப் பத்திக் கேட்டாத்தான் எங்களுக்குச் சொல்ல வராது. அவங்களைப் பத்தி அவங்ககிட்டக் கேக்காதீங்க. துணியில சந்தேகம் வந்தா யாருகிட்டப் போய்க் காட்டுவேன்னு கேளுங்க. ஒவ்வொருத்தரா, தனித் தனியாக் கேளுங்க.”

முதலாளி இதை வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்தார். அன்னக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம். “சரி. பத்துப் பேரிடம் கேட்கிறேன். ஆட்களை நான் தேர்ந்தெடுப்பேன். நீ உள்ளே இருக்கக் கூடாது. ஒரு தடவை நீ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போதும்.”

நியாயம்தான். என்னுடைய கார்டு அடுக்கில் இருந்து அவரே பத்துக் கார்டை உருவிக்கொண்டு போனார். உள்ளே தமிழை இங்கிலீஷில் சொல்வது முதலாளியின் வேலை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டியலும் குண்டூசியும் மடியில்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “யக்கா, என்ன விசயம்? கோர்ட்டுக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிடுதாவ” என்று பயத்தோடு உள்ளே போனார்கள். நான் ஒன்றும் சொல்லக் கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். வெளியே வந்ததும் நேராக வேலைக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏழாவது ஆள் ராஜாமணி. அவனுக்கு உத்தரவெல்லாம் காதில் ஏறாது. வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

“யக்கா, துணியில சந்தேகம் வந்தா யாருகிட்டப் போவேன்னு அன்னக்கா கேட்டுச்சு. வேலம்மாகிட்டன்னேன். ‘நீதான் உனக்கு அஞ்சு போட்டிருக்கியே, பொறவு எதுக்கு அங்க போறே’ன்னு கேட்டுச்சு. ‘நான் அஞ்சுதான், அது எட்டு. உங்க தாள்ல அஞ்சோட நிறுத்திட்டா நான் என்ன செய்ய’ன்னு சொல்லிட்டேன். முதலாளி சிரிச்சுட்டாரு.”

“போ, போ, வேலையைப் பாரு” என்று விரட்டினேன். அவன் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவனை வாய்க்கொழுப்பு என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன். அந்த முப்பத்தாறு பேரில் தன்னைப் பற்றிச் சரியாக மார்க் போட்டவன் அவன் ஒருவன்தான்.

பத்து முடிந்தது. பிறகு பதினொன்றாவதாக வேலம்மாளை வரச் சொன்னார்கள். உள்ளே போனாள். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. கதவு திறந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

“யக்கா, தப்புப் பண்ணிட்டேன்.”

“என்னட்டி சொன்னே?”

“சந்தேகம் வந்தா நீ யாருகிட்டப் போவேன்னு என்கிட்டயும் கேட்டாவ. செத்த நேரம் யோசிச்சேன். ஒரு பேரும் வரல. யாருகிட்டயும் போறதில்லைன்னு சொல்லிட்டேன். அப்படியே வாயில வந்துட்டுக்கா. திமிரு பிடிச்சவன்னு நெனச்சிருப்பாவளோ?”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பார்த்தவர்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்னக்கா வெளியே வந்து என் மடியில் இருந்த பட்டியலை எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று இரண்டு மணிக்குப் போர்டில் ஒன்றும் ஏறவில்லை. மாலை வரை இரண்டு ஷிப்டிலும் ஒருவர் விடாமல் அதே கேள்வியைக் கேட்டார்கள். முழுக்க முதலாளிதான் மொழிபெயர்த்தார். தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது என் ஜன்னல் பக்கம் நின்று, “இவுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்னு இத்தனை வருசமா நெனச்சிட்டு இருந்தேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது பேரும் பழைய ஷெட்டில் இருந்தே எடுக்கப்பட்டார்கள். வெளியூரில் இருந்து ஒருவரும் வரவில்லை.

முப்பத்திரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். அதில் முதல் பட்டியலில் இருந்து இரண்டாம் பட்டியலில் விழுந்தவர்கள் நான்கு பேர். அவர்கள் முகத்தை நான்தான் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோருக்கும் நல்லது நடந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் என் வாயில் வந்த ஆறு வார்த்தைக்காக யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதைப் பெருமை என்று எழுதவும் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

உங்களுக்கு வெளிநாட்டில் இருந்து இன்னும் நிறையப் படிவங்கள் வரும். கம்ப்யூட்டரில் வரும். நல்ல எண்ணத்தோடுதான் வரும். அதை எழுதியவர் மனதில் ஒரு மனிதன் இருப்பான். நிரப்புகிறவர் வேறு மனிதர். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். படித்துக்காட்டும்போது உங்கள் வீட்டுப் பழக்கத்தை அதில் கலக்காதீர்கள். கலந்துவிட்டால், போர்டில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அன்று ஆறு மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அன்னக்கா ஜன்னலுக்கு வந்தார். கையில் அந்தப் படிவம், ஒன்றும் எழுதாத புதுத் தாள். கம்பிக்கு இடையில் நீட்டினார்.

“உன்னுடையது. இப்போது, என் முன்னால் எழுது.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வரும் நேரம். பேனாவை எடுத்தேன்.  ‘ஆட்களை அறிந்து வைத்திருத்தல்’ என்று இருந்தது முதல் கேள்வி. அதை மொழிபெயர்த்தவளே நான்தான். கை இரண்டு போடத்தான் போனது. வேலம்மாள் அழுத முகம் நினைவுக்கு வந்தது. நான்கு போட்டேன். அடுத்ததற்கும் நான்கு. பதினைந்தும் நான்கு. எழுதி முடித்தபோது மலை ஏறி இறங்கிய மாதிரி மூச்சு வாங்கியது.

அன்னக்கா மேலிருந்து கீழே பார்த்தார்.

“ஏன் ஐந்து இல்லை?”

“இன்னைக்கு ஒட்ட இருந்தேனே ஒரு பட்டியல், அதுக்காக ஒண்ணு குறைச்சிருக்கேன், அன்னக்கா” என்றேன்.

முதலாளி பக்கத்தில் இல்லை. நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் சேத்தூர் பஸ் பிந்தி வந்தது. வேலம்மாளையும் சேர்த்து நான்கு பேருக்கு லேட் போட்டேன். எட்டு மணிக்கு, வேலம்மாள் பெயரும் என் பெயரும் ஏறியிருந்த புதுப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.